மாலை போட்ட பாட்டு எதுவும் ஏறல

எங்க அண்ணன் பகல்ல ஏசி ரிப்பேரு பண்ணுவான். யார் வூட்லயாவது சாவு வுழுந்துச்சின்னா கானா பாடப் போயிடுவான். கூட அவன் செட்டு பசங்க. செத்தவங்க எந்த ஊரு, இன்னா வேலை பாத்தாங்க, கோவம் வந்தா இன்னா சொல்லித் திட்டுவாங்க, எத்த துன்னாம தூங்க மாட்டாங்க, எல்லாத்தயும் வூட்டு ஆளுங்ககிட்ட கேட்டுக்குவான். கேட்டுகினே மனசுக்குள்ள பாட்டு கட்டிடுவான். ஐஸ் பொட்டி பக்கத்துல உக்காந்து அவன் எடுத்தான்னா, அதுவரைக்கும் அழாம நின்னுகினு இருந்த ஆம்பளைங்க கூட செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாங்க.

அவன் செத்துட்டான். மஞ்சக்காமாலை. கண்ணு மஞ்சளா கீதேடான்னு நான் சொன்னப்ப, "வெயில்ல மொட்ட மாடில நின்னு வேலை பாக்கறேன், அப்டி தான் இருக்கும், போடீ"ன்னான். நானும் போயிட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரி, டியூபு, வெள்ளத் துணி. அத்த எழுத எனக்கு இன்னும் வரல. இங்க எழுதுறது, அவன் பாட்டுக்கெல்லாம் பேரு வெச்ச கதைய. அந்தப் பேரால நான் எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சி நின்ன கதைய.

அவன் பிளஸ் டூ படிச்சான். அதனால அவனுக்கு கவர்மெண்ட்டு லேப்டாப்பு கெடச்சிது. நான் ஒம்போதாவதோட நின்னுட்டேன். எனக்கு ஒண்ணும் கெடைக்கல. டி.நகர்ல நான் வேலை பாக்கற பொடவைக் கடைல யாராவது கேட்டா, பிளஸ் டூன்னு தான் சொல்லுவேன். இங்க உண்மைய எழுதறப்பவே காது சூடாவுது.

அந்த லேப்டாப்ப ஆன் பண்ணா ரெண்டு வழி காட்டும். ஒண்ணு எல்லாரும் வெச்சிருக்கற விண்டோசு. அது வைரஸ் புடிச்சி எப்பவோ படுத்துகிச்சி. இன்னொண்ணு லினக்சு. யாரும் அதுக்குள்ள போவ மாட்டாங்க. இவன் மட்டும் நோண்டி நோண்டி அத்த கத்துக்கினான். மைக்கு ஒண்ண சொருவி, சாவு வூட்ல பாடினத திரும்ப வூட்ல உக்காந்து ஒரு தடவ பாடி, அதுல ஏத்தி வெச்சிக்குவான். கோட்டூர்புரத்துல எங்க ஹவுசிங் போர்டு வூடு ஒரே ரூமு. அவன் பாடறப்ப நானும் அம்மாவும் குக்கர் கூட வெக்க மாட்டோம், விசில் வந்துடும்னு.

அவன் பேரு வெக்கறது தான் வேடிக்க. செத்தவங்க பேர மொட்டையா எழுத மாட்டான். முன்னாடி மூணு ஸ்டாரு, பின்னாடி மூணு ஸ்டாரு. கீபோர்டுல எட்டாம் நம்பரு மேல குட்டியா ஒண்ணு இருக்குமே, அது. ***அப்பா***. ***பூக்காரம்மா***. ***மூணாவது மாடி தாத்தா***. இப்டி வரிசையா நிக்கும்.

"இன்னாடா இது, சினிமா நோட்டீசு மாதிரி"ன்னேன் ஒரு வாட்டி.

"ஸ்டாரு இல்லடீ அது. பூவு. போட்டோவுக்கு மால போடாம வுடுவியா? பேருக்கு மட்டும் எதுக்கு மொட்டையா வுடணும்?"

அவன் சொன்னப்புறம் பாத்தா எனக்கும் பூவா தான் தெரிஞ்சிது. அந்த வரிசைல ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் அவன் மால போடல. ஏன்னா அந்த ஆளு உசுரோட கீறாரு. அத்த பின்னால சொல்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னா செய்யறதுன்னு பேசிகினு இருந்தப்ப எங்கம்மா ஒண்ணு கேட்டுச்சி. ஆழ்வார்பேட்டைல ரெண்டு வூட்ல சமையல் வேல செய்யுது எங்கம்மா. வாயத் தொறந்து யார்கிட்டயும் எதுவும் கேட்டது கெடையாது. அன்னிக்கி கேட்டுச்சி.

"ஊருக்கெல்லாம் பாடினான் எம்புள்ள. அவனுக்கு யாரு பாடுவா?"

செட்டு பசங்க தலையக் குனிஞ்சிகினாங்க. அவங்க தாளம் போடறவங்க. பாட்டு பூரா அவனோடது தான். அவன் கூட்டாளி ஒர்த்தன், டிரம் அடிக்கிறவன், வாயத் தொறந்து பாத்தான். முதல் வரியிலயே கொரலு ஒடஞ்சி வெளிய போயிட்டான்.

"அப்போ அவன் பாட்டையே போடுங்க. அவங்கப்பாவுக்குப் பாடினத போடுங்க. அத்த கேட்டுட்டு நான் எம்புள்ளைக்கு வெளக்கு ஏத்தறேன்"னுச்சி எங்கம்மா.

எல்லாரும் என்னப் பாத்தாங்க. லேப்டாப்பு எங்க வூட்ல தான கீது. "மைக் செட்டுக்காரர் பென்டிரைவ் கேப்பாரு. நீ ஏத்திட மாட்ட?"ன்னு வெளிய போன அந்த டிரம் அடிக்கிற அண்ணன் திரும்பி வந்து கேட்டுச்சி. அதுவும் நான் பிளஸ் டூன்னு நெனச்சிகினு கீது. "அதெல்லாம் ஏத்திடுவேன்"னேன்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனப்புறம் லேப்டாப்பத் தொறந்தேன். அவன் செய்யறத பாத்துருக்கேன். எல்லாத்தயும் நீலமாக்கி, காப்பி, அப்புறம் பென்டிரைவுக்குள்ள போயி பேஸ்ட்டு. அவ்ளோ தான? அதயே பண்ணேன். உடனே ஒரு பொட்டி வந்து நின்னுச்சி. உள்ள பூரா இங்கிலீசு. எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்னு பாத்தேன். எர்ர்... எர்ரர்னு வரைக்கும் வந்துச்சி. அதுக்கு மேல ஒரு மண்ணும் புரியல. கீழ பட்டனுங்க. அதுல ஒண்ணு எனக்கு நல்லாத் தெரிஞ்ச வார்த்த. ஸ்கிப்பு.

போன்ல பாட்டு கேக்கறப்ப நடுவுல வெளம்பரம் வரும்ல? ஸ்கிப்ப அமுக்குனா அது போயி பாட்டு வந்துடும். எனக்குத் தெரிஞ்ச ஸ்கிப்பு அது தான். அமுக்குனேன். திரும்ப அதே பொட்டி வந்துச்சி. திரும்ப அமுக்குனேன். திரும்ப வந்துச்சி. அப்புறம் பக்கத்துலயே ஸ்கிப் ஆல்னு ஒண்ணு இருந்துச்சி. அத்த அமுக்குனேன். பொட்டி போயிடுச்சி. எனக்கு அவ்ளோ நிம்மதி.

கீழ் வூட்ல ஒரு பொண்ணு காலேஜி படிக்குது. அத்த கூப்ட்டு, "இது இன்னா போட்டுருக்குது பாரேன்"னு கேட்டுருக்கலாம். ஒரு நிமிசம் ஆவாது. கேக்கல. அந்தப் பொண்ணு என்ன வுட சின்னது. அதுங்கிட்ட போயி எனக்கு படிக்கத் தெரியலன்னு எப்டி சொல்றது? ஏறுனுச்சான்னு ஒரு வாட்டி போட்டுக் கேட்டுருக்கலாம். அதயும் செய்யல. அது வேற. அவன் கொரல கேட்டா நான் இன்னா ஆவேன்னு எனக்குத் தெரியல. பென்டிரைவ புடுங்கி சாமி படத்துக்குப் பின்னால வெச்சிட்டேன்.

மால போடாத பாட்டு ஒண்ணு சொன்னேனே, அது எங்க மாமாவுக்குப் பாடினது, இப்ப அவரப் பத்தி சொல்லிடறேன். எங்கம்மாவுக்கு அண்ணன். ஆதம்பாக்கத்துல வூடு. டி.நகர்ல பிளாட்பாரத்துல நைட்டி கடை போட்டுருக்காரு. எனக்கு பொடவைக் கடைல வேலை வாங்கிக் குடுத்ததே அவரு தான். எங்கப்பா போனதுலேந்து நல்லது கெட்டதுக்கு அவரு தான் வந்து நிப்பாரு. ஆனா வந்தாருன்னா சும்மா இருக்க மாட்டாரு. அண்ணன் முடியப் பாத்து ஒரு பாட்டு, என் துப்பட்டாவப் பாத்து ஒரு பாட்டு. கடைசில கெளம்பறப்ப செருப்ப மாட்டிகினே சொல்லுவாரு, "நான் போயி சேந்தப்புறம் தெரியும்டா என் அரும." ஒரு வாட்டி கூட சொல்லாம போனது இல்ல.

ஒரு பொங்கல் மத்தியானம் இத்த சொல்லிட்டு அவரு படி எறங்கறாரு. எங்கண்ணன் கதவச் சாத்திட்டு மைக்க எடுத்தான்.

"அரும தெரியணுமாமே. இப்பவே தெரிஞ்சிகினா போச்சி"ன்னான்.

அப்ப பாடினது தான் அந்தப் பாட்டு. அதுக்கு அவன் மால போடல. "உசுரோட கீறவருக்கு பூ போடக் கூடாதுடீ, பாவம்"னுட்டு, ஸ்டாருக்கு பதிலா ஆச்சரியக்குறியா போட்டான். !!!மாமா!!! பட்டாசு மாதிரி.

காரியத்தன்னிக்கி எங்க பிளாக்குக்கு முன்னாடி ஷாமியானா போட்டு சேரு போட்டுருந்தோம். அண்ணன் போட்டோவுக்கு முன்னாடி படையல். மாமா முன் வரிசைல உக்காந்துருந்தாரு. அண்ணனுக்கு கல்யாணம் ஆவல, எங்கப்பாவும் இல்ல. கொள்ளி வெச்சது மாமா தான். தலை மொட்ட. மீசயும் எடுத்தாச்சி. டை அடிச்சி அடிச்சி அவ்ளோ கவனமா வெச்சிருந்த மீச அது. அது இல்லாம அவரு மூஞ்சி யாரோ ஒரு கொழந்த மூஞ்சி மாதிரி இருந்துச்சி.

மைக் செட்டுக்காரர் பென்டிரைவ சொருவிட்டு என்னக் கூப்ட்டாரு. "ஒரே ஒரு பாட்டு தாம்மா கீது. இதான?"

அவரு பொட்டில பேரெல்லாம் தெரியாது. ஒண்ணுன்னு நம்பரு தான் தெரிஞ்சிது. நெறய ஏத்துனோமே, ஒண்ணு தான் ஏறுனுச்சான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். பேரு வரிசைல அப்பா பாட்டு தான் மொதல்ல நிக்கும். அப்ப ஏறுனது அதுவா தான் இருக்கும். "ஆமாண்ணா, அது தான். போடுங்க"ன்னேன்.

எங்கம்மா தீப்பெட்டிய கையில வெச்சிகினு போட்டோ முன்னாடி உக்காந்துருந்துச்சி.

மொதல்ல அவன் தொண்டய செருமுற சத்தம் வந்துச்சி. அவ்ளோ தான். அந்தச் செருமலுக்கே எங்கம்மா "ஐயோ சாமீ"ன்னு தரையில சாஞ்சிடுச்சி. பொம்பளைங்க எல்லாம் வாயப் பொத்திகினாங்க. அப்புறம் அவன் எடுத்தான்.

"ஆதம்பாக்கம் மாமா, எங்க அரும மாமா,
அவசரமா கெளம்பிப் போனா நைட்டி விக்கறது யாரு மாமா..."

எந்தப் பாட்டு ஏறியிருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சி. மத்த யாருக்கும் மொதல்ல புரியல. சாவுக்குப் பாடற ராகம் தான அது. கண்ண தொடச்சிகினே கேட்டுகினு இருந்தாங்க.

"நாலு பேரு தூக்கும்போதும் நடுவுல நீ எந்திரிச்சி
ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீனு கூவுவியே மாமா!
டை அடிச்ச மீசையெல்லாம் மழையில கரஞ்சி
ஒதட்டு மேல ஆறு ஓடும் ஐயோ எங்க மாமா!"

பின் வரிசைல யாரோ ஒர்த்தர் "க்ளுக்"னு சிரிச்சிட்டாரு. அவரு பொண்டாட்டி முழங்கையால இடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சி. டிரம் அடிக்கிற அண்ணன் பொட்டிகிட்ட ஓடுச்சி, நிறுத்தறதுக்கு. மாமா திரும்பிக் கூட பாக்கல. கைய மட்டும் தூக்குனாரு.

"எவனாவது கைய வெச்சீங்க, ஒடச்சிடுவேன். புள்ள பாடறான்ல?"

அந்த அண்ணன் அப்டியே நின்னுடுச்சி. அப்ப தான் பொட்டிக்குள்ளேந்து என் கொரலு வந்துச்சி.

"டேய் டேய், பல்லு செட்ட வுட்டுட்டியேடா! தண்ணி டம்ளர்ல போட்டு வெப்பாரே!"

அதுக்கப்புறம் சிரிக்கிறேன். இன்னா சிரிப்பு அது! ஒரு பொம்பள அப்டி சிரிப்பாளான்னு இருந்துச்சி. குறட்ட மாதிரி இழுத்து இழுத்து சிரிக்கிறேன். அவனும் பாட முடியாம சிரிக்கிறான். பல்லு செட்ட வெச்சி ஒரு வரி கட்டறான். "டம்ளரோட பொதைக்கவா, தனியா பொதைக்கவா"ன்னு நான் எடுத்துக் குடுக்கறேன். இதெல்லாம் மைக் செட்டுல, நாலு பிளாக்குக்கும் கேக்கற மாதிரி. அண்ணன் போட்டோ எதிர்ல. கொள்ளி வெச்ச மனுசன் மொட்டத் தலயோட உக்காந்துருக்கறப்ப.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்புச்சி. என்னோட கடை அக்காங்க ரெண்டு பேரு வந்துருந்தாங்க. அவங்களும். எங்க போயி நிக்கறது? செவுத்தோட செவுரா ஒட்டிகினு நின்னேன்.

பாட்டு முடிஞ்சப்புறமும் அவன் ரெக்கார்ட நிறுத்தல போல. மூச்சு வாங்கிகினே பேசறான்: "மாமா செத்தா இந்தப் பாட்டு தான்டீ. முன்னாடி நான் ஆடிகினு போவேன். சுடுகாடு வரைக்கும் நான் தான் ஆடுவேன்." நான் சொல்றேன்: "நீ ஆடு. நான் விசில் அடிக்கிறேன்." அதோட நின்னுச்சி.

மாமா கைய மூக்குக்குக் கீழ கொண்டு போனாரு, மீசயத் தடவறதுக்கு. அங்க ஒண்ணும் இல்ல. கைய எறக்கிட்டாரு.

"அவன் போயிட்டான். இனிமே எனக்கு யார்றா ஆடுறது"ன்னாரு. யார்கிட்டயும் கேக்கல, சும்மா சொன்னாரு. எந்திரிச்சி போட்டோவத் தொட்டுக் கும்புட்டுட்டு செருப்ப மாட்டிகினு நடந்தாரு. சாப்ட கூட இல்ல. எங்கம்மா பின்னாலயே ஓடி, "எல போட்டுட்டோம்ணே, ஒரு வாய் துன்னுட்டுப் போண்ணே"ன்னு கெஞ்சிச்சி. அவரு நிக்கல. காரியத்து வூட்ல தாய்மாமன் கை நனைக்காம போறான்னா உறவ அறுத்துகினான்னு அர்த்தம், எங்காளுங்களுக்கு சொல்லத் தேவயில்ல. படி எறங்கறப்ப எப்பவும் சொல்லுவாரே அந்த வார்த்த, அன்னிக்கி அதயும் சொல்லல.

எங்கம்மா திரும்பி வந்து என்ன ஒரு அறை வுட்டுச்சி. எல்லார் எதிர்லயும். வாங்கிகினேன்.

அடுத்த வாரம் டிரம் அடிக்கிற அண்ணன் வூட்டுக்கு வந்து லேப்டாப்பப் பாத்துச்சி. பாத்த ஒடனே கண்டுபுடிச்சிடுச்சி. "இந்த ஸ்டார பென்டிரைவ் ஏத்துக்காதும்மா. பேர்ல ஸ்டாரு, கேள்விக்குறி இதெல்லாம் இருந்தா வாங்காது, ஆச்சரியக்குறின்னா வாங்கிக்கும். லேப்டாப்புக்குள்ள இருந்தா பிரச்சன இல்ல, வெளிய எடுக்க முடியாது. அதான் இங்கிலீசுல போட்டுருக்குமே, நீ படிக்கல?"

"அவசரத்துல கவனிக்கலண்ணா"ன்னேன். அப்பவும் பொய் தான் வந்துச்சி வாயில.

மால போட்டதெல்லாம் நின்னுடுச்சி. மால இல்லாத ஒண்ணு மட்டும் வெளிய வந்துடுச்சி. எனக்கு வெளங்கினது இவ்ளோ தான். அந்த அண்ணன் ஒவ்வொரு பேரா ஸ்டார எடுத்துச்சி. நான் பக்கத்துல உக்காந்து பாத்துகினு இருந்தேன். போட்டோவுலேந்து மாலய கழட்டற மாதிரி இருந்துச்சி. ***அப்பா***ங்கறது அப்பான்னு ஆச்சி. பென்டிரைவு வாங்கிகிச்சி.

அன்னிக்கி சாயங்காலம் அம்மா கேட்ட பாட்ட அம்மாவுக்குப் போட்டேன். சின்ன ஸ்பீக்கர்ல. கேட்டுச்சி. கண்ணுல ஒரு சொட்டு வரல. முடிஞ்சப்புறம் சொல்லுச்சி:

"இதுல அழறான். அன்னிக்கி போட்டியே, அதுல சிரிக்கிறான். அத்த போடு."

"அம்மா, அது மாமாவ..."

"தெரியும். எங்கண்ணனக் கேட்டுட்டு வா. அவன் சரின்னா போடு. அவனுக்குத் தெரியாம என் வூட்ல அந்தப் பாட்டு பாடக் கூடாது."

காரியம் முடிஞ்சதுலேந்து நான் மாமா கடை இருக்கற தெருவுல போறதே இல்ல. பஸ் ஸ்டாண்டுலேந்து சுத்திகினு போவேன். லேட்டு ஆச்சின்னு சூப்பர்வைசர் கிட்ட திட்டு வாங்குனாலும் அந்தப் பக்கம் கால் போவாது. இப்ப அம்மா அனுப்பிடுச்சி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போனேன்.

கூட்டம் இல்ல. மாமா ஸ்டூல் மேல உக்காந்து நைட்டி மடிச்சிகினு இருந்தாரு. மொட்டத் தலையில முள்ளு முள்ளா வெள்ள முடி. மீசயும் வெள்ளயா எட்டிப் பாத்துச்சி. டை அடிக்கல. என்னப் பாத்தாரு. பாத்துட்டு மடிச்சிகினே இருந்தாரு. நானும் ஒரு நைட்டிய எடுத்து மடிக்க ஆரம்பிச்சேன். கைக்கு எதுனா வேணும்ல.

"இன்னா, உங்கம்மா அனுப்புச்சா?"

"ம்."

"நீயா வர மாட்ட."

ஒரு பொம்பள வந்து கலரு கேட்டுச்சி. மாமா நாலு எடுத்துக் காட்டுனாரு. எதுவும் புடிக்கலன்னு போயிடுச்சி. அப்புறம் தான் சொன்னேன். அம்மா அந்தப் பாட்ட கேக்கணும்னு சொல்லுது, நீ சரின்னா தான் போடணுமாம். தரையப் பாத்துகினே சொன்னேன்.

மாமா ரொம்ப நேரம் ஒரே நைட்டிய மடிச்சிகினு இருந்தாரு.

"பல்லு செட்டு மேட்டரு நீ எடுத்துக் குடுத்தது தான?"

"ஆமா மாமா."

"தெரியும். அவனுக்கு அவ்ளோ மூள கெடையாது."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. தொண்ட வரைக்கும் வந்துச்சி, அதே இழுப்புச் சிரிப்பு. அப்டியே முழுங்கிட்டேன். அவரு பாத்துட்டாரு.

"ஞாயித்துக்கெழம வர்றேன்"னாரு. "நானும் உக்காந்து கேக்கறேன். அன்னிக்கி ஜனங்க நடுவுல சரியா கேக்கல. உங்கம்மாவ மீன் கொழம்பு வெக்கச் சொல்லு, சாப்ட்டுப் போறேன்."

அம்மாகிட்ட வந்து சொன்னேன். சொன்னதுலேந்து அம்மா எந்த மீனு வாங்கலாம்னு யோசிச்சிகினு கீது. மாமா வரட்டும், சாப்பிடட்டும். பாட்டு போடறப்ப நான் எங்க உக்காருவேன்னு தான் எனக்குத் தெரியல. எங்க வூடு ஒரே ரூமு. அவரு எதிர்ல, அம்மா எதிர்ல, அந்தச் சிரிப்ப நான் உக்காந்து கேட்டாவணும்.